நேபாம்: பெயரில் பனை, பொருளில் தேங்காய் – போர்க்கால ஆய்வகத்தில் பிறந்த தீயின் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் இடத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகள் அமைந்துள்ளன. களியக்காவிளையிலேயே கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடும். எல்லைக்கு இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. வீட்டைச் சுற்றித் தென்னையும், மேட்டு நிலங்களில் ரப்பரும் நிற்கும் காட்சியும் இருபுறமும் ஒன்றுதான்.

இந்த எல்லைக் கிராமங்களின் வாழ்வாதாரமாக விளங்கும் தேங்காய், ரப்பர் ஆகிய இரண்டும், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் மேசையில் அருகருகே வைக்கப்பட்டன. பெட்ரோலைக் கூழாக்கி, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியச் செய்வது எப்படி என்பதே அங்கு ஆராயப்பட்ட கேள்வி. முதலில் ரப்பர் முயன்று பார்க்கப்பட்டது. ரப்பர் கிடைக்காமல் போனபோது, தேங்காய் எண்ணெயிலிருந்து பெறப்பட்ட ஒரு பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. அதன் விளைவாக உருவான ஆயுதமே 'நேபாம்'.

டோக்கியோ முதல் வியட்நாம் வரை லட்சக்கணக்கானோரின் வாழ்வைக் குலைத்த இந்த ஆயுதம் எவ்வாறு உருவானது, சர்வதேசச் சட்டம் அதை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது, அந்தச் சட்டத்தில் எஞ்சியுள்ள ஓட்டைகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கெட்டியான எரிபொருள் ஏன் தேடப்பட்டது?

போரில் தீயைப் பயன்படுத்துவது புதிதன்று. பைசாந்தியப் பேரரசு கி.பி. 7ஆம் நூற்றாண்டில் 'கிரேக்கத் தீ' என்ற எரிதிரவத்தைக் கடற்போர்களில் பயன்படுத்தியது. அதன் கலவை அரசின் ரகசியமாகக் காக்கப்பட்டு, காலப்போக்கில் மறைந்தும் போனது.

நவீன காலத்தில், முதல் உலகப் போரின்போது 1915ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படைகள் தீப்பீய்ச்சும் கருவிகளைப் போர்முனைக்குக் கொண்டுவந்தன. ஆனால் அவற்றில் ஒரு குறைபாடு இருந்தது. நீர்போல் மெலிதான எரிபொருள், பீய்ச்சியவுடன் காற்றிலேயே சிதறி எரிந்துவிடும். இலக்கைச் சென்றடைவது சொற்பமே. சென்றடைந்ததும் வழிந்தோடி, நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். விமானத்திலிருந்து வீசப்படும் குண்டுகளிலும் இதே சிக்கல் எழுந்தது. பெட்ரோல் பெரும் சுவாலையுடன் எரிந்து அணைந்துவிடுமே தவிர, அடுத்திருக்கும் மரத்துண்டு தீப்பிடிக்கும்வரை நின்று எரியாது.

ஆகவே, எரிபொருளைக் கெட்டியாக்க வேண்டும் என்பது படைத்துறைப் பொறியாளர்களின் முடிவாக இருந்தது. பிரிட்டன் 1940ஆம் ஆண்டில் இதற்கென்றே பெட்ரோலியப் போர்த்துறை என்ற தனித் துறையை ஏற்படுத்தியது. அப்போது கையில் இருந்த எளிய தீர்வு, இயற்கை ரப்பரைப் பெட்ரோலில் கரைப்பதாகும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரகசியத் திட்டம்

1940 ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவை அமைத்தார். வன்னிவர் புஷ் தலைமையிலான அக்குழுவில், வேதியியலாளரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவருமான ஜேம்ஸ் கோனன்ட் இடம்பெற்றிருந்தார். ஹார்வர்டின் கரிம வேதியியல் பேராசிரியர் லூயிஸ் ஃபீசர் (1899–1977) இக்குழுவின் பணிக்கு அழைக்கப்பட்டார்.

ஃபீசர் அதுவரை மருந்துகளோடும் உயிர்வேதியியலோடும் தொடர்புடைய ஆய்வுகளுக்காக அறியப்பட்டவர். இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே1 என்ற பொருளை 1939ஆம் ஆண்டில் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தவர்களுள் ஒருவர். போர்க்காலத்தில் மலேரியாவுக்கான மருந்து ஆய்விலும் அவர் ஈடுபட்டார். உயிர்காக்கும் ஆய்வும் உயிர்பறிக்கும் ஆய்வும் ஒரே அறிவியலாளரின் கைகளில் ஒரே காலத்தில் நடைபெற்றன.

1941ஆம் ஆண்டில், டூபான்ட் நிறுவனம் ஆய்வு செய்துவந்த ஒரு வேதிப்பொருள் எதிர்பாராத வகையில் தீப்பிடிப்பதாக வந்த தகவலை ஆராயும் பொறுப்பு ஃபீசருக்கு அளிக்கப்பட்டது. அவரும் அவருடைய உதவியாளர் இ.பி. ஹெர்ஷ்பெர்க்கும் அந்தப் பொருளைத் திறந்த வெளியில் வைத்துக் கவனித்தனர். அது கூழாக இறுகி, எரியும்போது ஒட்டும் தன்மையுள்ள துண்டங்களாகச் சிதறியது. ஒட்டிக்கொண்டு எரியும் தீ எத்தகைய ஆயுதமாகக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்தே தொடங்கியது. அந்தப் பொருள் பின்னர் கைவிடப்பட்டு, ரப்பர் கரைத்த பெட்ரோலின் மீது ஆய்வு திரும்பியது.

ரப்பர் பறிபோன பத்து வாரங்கள்

1941 டிசம்பர் மாதத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அதே வேளையில், ஜப்பானியப் படைகள் மலாயாவிலும் கால்பதித்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானின் வசமாயின. உலகின் இயற்கை ரப்பர் உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் சில மாதங்களில் நேச நாடுகளின் கையைவிட்டுப் போனது.

டயர், விமானப் பாகங்கள், மருத்துவக் கருவிகள் என எல்லாவற்றுக்கும் ரப்பர் தேவைப்பட்ட நிலையில், அமெரிக்காவில் டயர்களுக்குப் பங்கீடு வந்தது. டயர் தேய்மானத்தைக் குறைப்பதற்காக, வாகனங்கள் மணிக்கு 35 மைலுக்கு மேல் செல்லக் கூடாது என்ற வேகவரம்பு நாடு முழுவதும் விதிக்கப்பட்டது. எரித்துத் தீர்க்கப்படும் குண்டில் ரப்பரைச் செலவிடுவது இயலாத காரியமாயிற்று.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற பலர் அத்தோட்டங்களின் அலுவலகங்களில் எழுத்தர்களாகப் பணியாற்றினர். தோட்டங்கள் கைமாறியபின், தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 'மரண ரயில்பாதை' எனப் பெயர்பெற்ற அந்தப் பணியிலிருந்து பெரும் எண்ணிக்கையிலானோர் திரும்பவே இல்லை.

பெயரில் உள்ள பிழை

ரப்பருக்கு மாற்றாக ஃபீசர் குழுவினர் நாடியது சோப்பு வகைப் பொருள்களை. குளியல் சோப்பில் கொழுப்பு அமிலம் சோடியத்துடன் சேர்ந்திருக்கும். சோடியத்தின் இடத்தில் அலுமினியம் வந்தால் கிடைக்கும் சோப்பு நீரில் நுரைக்காது. எண்ணெய்களை இறுகச் செய்யும். பெயிண்டுகளிலும் மசகுப் பொருள்களிலும் இத்தகைய அலுமினிய சோப்புகள் முன்பே பயன்பாட்டில் இருந்தன.

அவர்கள் சோதித்தவற்றுள் ஒன்று, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாப்தனிக் அமிலத்தின் அலுமினிய உப்பு. மற்றொன்று, வணிகத்தில் 'அலுமினியம் பால்மிடேட்' என்ற பெயரில் விற்கப்பட்டது. முதல் பெயரின் தொடக்கத்தையும் இரண்டாம் பெயரின் தொடக்கத்தையும் இணைத்து 'நேபாம்' என்ற சொல் உருவாக்கப்பட்டது. இப்புதிய கூழ் பற்றிய அறிக்கை 1942 பிப்ரவரி 14 அன்று தயாரானது. சிங்கப்பூர் வீழ்ந்ததற்கு முந்தைய நாள் அது.

ஆனால் பெயரில் ஒரு பிழை இருந்தது. பால்மிடிக் அமிலம் என்பது எண்ணெய்ப் பனையிலிருந்து பெயர்பெற்றது. ஃபீசர் குழுவினருக்குக் கிடைத்த பொருளோ தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து தயாரிக்கப்பட்டிருந்தது. அதில் மிகுதியாக இருந்தது லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி இந்த அமிலம்தான். தேங்காய் எண்ணெய் சோப்பு நன்கு நுரைப்பதற்கும் காரணம் இதுவே. உண்மை தெரிந்தபின்னும் பெயர் மாற்றப்படவில்லை. பெயரில் பனையும் பொருளில் தேங்காயுமாக அந்த ஆயுதம் களத்துக்குச் சென்றது.

1942 ஜூலை 4 அன்று, ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு அருகிலுள்ள கால்பந்து மைதானத்தில் தண்ணீர் தேக்கி, அதன் நடுவில் சோதனைக் குண்டு வெடிக்கச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் சுதந்திர தினமான அன்று, பக்கத்து டென்னிஸ் மைதானங்களில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஃபீசர் பெற்ற காப்புரிமை போருக்குப் பின், 1952ஆம் ஆண்டில்தான் வெளியானது.

இதே குழு வெளவால்களின் உடலில் சிறு தீக்குண்டுகளைக் கட்டி ஜப்பானிய நகரங்களின் மீது விடும் திட்டத்திலும் பங்கேற்றது. பல் மருத்துவர் ஒருவர் முன்வைத்த யோசனை அது. 1943ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்த சோதனையின்போது தப்பிய வெளவால்கள், அமெரிக்க விமானப்படையின் கட்டடங்களுக்கே தீ வைத்தன. 1944ஆம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது.

திருவிதாங்கூரில் போரின் தாக்கம்

பாறசாலையும் களியக்காவிளையும் அன்று ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊர்கள். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அன்றுதான் அவற்றுக்கிடையே மாநில எல்லை வந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளையும் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியபோதும், அந்த வட்டம் கேரளத்திலேயே நீடித்தது.

மலாயா வீழ்ந்தபின், இயற்கை ரப்பருக்கு நேச நாடுகள் பெரிதும் நம்பியிருந்த இடங்கள் இலங்கையும் தென்னிந்தியாவுமே. இந்திய ரப்பர் உற்பத்தியின் பெரும்பகுதி திருவிதாங்கூர், கொச்சி பகுதிகளிலிருந்து வந்தது. உற்பத்தியைப் பெருக்குவதற்காக 1942ஆம் ஆண்டில் இந்திய ரப்பர் உற்பத்தி வாரியம் அமைக்கப்பட்டது. இலங்கையில் மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற அளவுக்குப் பால் வெட்டப்பட்டது. அந்தத் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் பலர் தமிழ்த் தொழிலாளர்களே.

தேங்காயைப் பொறுத்தவரை, அமெரிக்கா தனக்கு வேண்டிய எண்ணெயையும் கொப்பரையையும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து பெற்றுவந்தது. 1942 மே மாதம் அத்தீவுகளும் ஜப்பான் வசமாயின. தென்னை வளரும் நாடுகள் ஒவ்வொன்றாகப் போர்க்களமாக மாறிய காலம் அது.

இதே ஆண்டில் பர்மாவும் வீழ்ந்ததால், அங்கிருந்து திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாஞ்சில் நாட்டு நெல் சமஸ்தானம் முழுமைக்கும் போதுமானதாக இல்லை. அரிசிக்குப் பங்கீடு வந்தது. பட்டினியும் நோயும் பரவின. மரவள்ளிக்கிழங்கு ஏழை வீடுகளின் முதன்மை உணவாக நிலைபெற்றது. ஒரு குண்டும் விழாத கிராமங்களிலும் போர் இவ்வாறு உலைப்பானைக்குள் நுழைந்தது.

புதுச்சேரியில் ஒரு விடுதி, யூட்டாவில் ஒரு கிராமம்

புதிய கூழ் எரிகிறது என்பதை மைதானச் சோதனை காட்டியது. வீடுகள் எரியுமா என்பது அடுத்த கேள்வியானது. அதற்காக 1943ஆம் ஆண்டில் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் உள்ள டக்வே சோதனைத் தளத்தில், ஜெர்மானியக் குடியிருப்புகளும் ஜப்பானியக் குடியிருப்புகளும் மாதிரியாகக் கட்டப்பட்டன. ஜெர்மானிய வீடுகளுக்கு எரிக் மெண்டல்சன் என்ற கட்டடக் கலைஞர் ஆலோசனை வழங்கினார். ஜப்பானிய வீடுகளை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட்.

ரேமண்டின் பெயர் புதுச்சேரிவாசிகளுக்கு அறிமுகமானது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி அவருடைய படைப்பு. ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து கிடைத்த நன்கொடையின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. வெப்பமண்டலக் காற்று அறைகளுக்குள் தடையின்றி நுழையும் வண்ணம் அமைந்த அக்கட்டடம், இந்தியாவின் தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் முக்கியமானதாகக் கருதப்படுகிறது. செக் நாட்டில் பிறந்த ரேமண்ட், பல ஆண்டுகள் ஜப்பானில் பணியாற்றியவர். 1938ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தங்கிப் பணிகளைத் தொடங்கிவைத்து, பின் அமெரிக்கா சென்றார்.

ஜப்பானிய வீட்டின் மரச்சட்டம், பாய், கூரை ஆகியவற்றை அவரளவுக்கு அறிந்த கட்டடக் கலைஞர் அமெரிக்காவில் அரிது. அந்த அறிவே இப்போது வேறு பயனுக்குத் தேவைப்பட்டது. பாய்கள் உட்பட வீட்டின் உட்புறம் முழுவதும் ஜப்பானிய வீட்டைப் போலவே அமைக்கப்பட்டு, குண்டு வீசி எரிக்கப்பட்டது. எரிந்தவை மீண்டும் கட்டப்பட்டு மீண்டும் எரிக்கப்பட்டன. எந்தக் குண்டு எவ்வளவு நேரத்தில் அணைக்க முடியாத தீயை மூட்டுகிறது என அளவெடுக்கப்பட்டது. சிறு குழாய்களாக அடுக்கி வீசப்படும் எம்-69 என்ற நேபாம் குண்டு இச்சோதனைகளில் தேறியது.

அப்பணி தமக்கு எளிதானதாக இருக்கவில்லை என்று ரேமண்ட் பின்னாளில் தமது தன்வரலாற்றில் எழுதினார். ஜப்பானின் மீது அன்பிருந்தும், போரை விரைவில் முடிப்பதே சரியென்று முடிவு செய்ததாக அவர் விளக்கமளித்தார்.

கோல்கொண்டே கட்டுமானத்தைப் புதுச்சேரியில் இருந்து மேற்பார்வையிட்டவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானிய இரத்தம் கொண்டவர் என்ற காரணத்துக்காகவே 1942ஆம் ஆண்டில் அவர் தம் குடும்பத்துடன் இடாஹோ மாநில முகாமில் அடைக்கப்பட்டார். மறு ஆண்டு அவரைப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தவர் ரேமண்ட். அதே 1943ஆம் ஆண்டில்தான் யூட்டாவில் ஜப்பானிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன.

டோக்கியோவின் ஓர் இரவு

1943 ஆகஸ்டில் சிசிலித் தீவில் தீப்பீய்ச்சும் கருவிகள் மூலம் நேபாம் முதன்முதலாகப் போரில் பயன்படுத்தப்பட்டது. 1944 ஜூலையில் பசிபிக் பெருங்கடலின் தினியான் தீவில் விமானங்களிலிருந்து வீசப்பட்டது.

1945 மார்ச் 9 நள்ளிரவைத் தாண்டி, ஜெனரல் கர்டிஸ் லீமே தலைமையிலான படைப்பிரிவின் 279 பி-29 விமானங்கள் டோக்கியோவின் மீது தாழப் பறந்து, சுமார் 1,665 டன் தீக்குண்டுகளை வீசின. மர வீடுகள் நெருங்கிய தொழிலாளர் குடியிருப்புகளே இலக்காயின. ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பலானது. சுமார் 1 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்றும், 10 லட்சம் பேர் வீடிழந்தனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. போர் முடிவதற்குள் 60க்கும் மேற்பட்ட ஜப்பானிய நகரங்கள் இவ்வாறு எரிக்கப்பட்டன. ஹிரோஷிமாவும் நாகசாகியும் உலகின் நினைவில் நிலைத்த அளவுக்கு அந்நகரங்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

நேபாம் ஏற்படுத்தும் காயம் சாதாரணத் தீக்காயத்தினின்றும் வேறுபட்டது. எரியும் கூழ் தோலில் ஒட்டிக்கொள்வதால் உதறித் தள்ள முடிவதில்லை. துடைக்க முயன்றால் கைக்கும் பரவுகிறது. தசைவரை ஆழமாகப் புண்ணாகிறது. உயிர்பிழைத்தவர்களுக்கும் தோல் சுருங்கி, மூட்டுகள் இறுகி, ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. பதுங்குகுழிகளில் இருப்போர் தீ தொடாமலேயே மூச்சுத்திணறியும் நச்சுவாயுவாலும் இறக்கின்றனர்.

கொரியாவும் வியட்நாமும்

1950–53 கொரியப் போரில் 32,557 டன் நேபாம் வீசப்பட்டதாக அமெரிக்கக் கணக்குகள் கூறுகின்றன. மக்கள் வாழும் இடங்களில் அது தாராளமாகப் பயன்படுத்தப்படுவது குறித்து, அமெரிக்காவின் நட்பு நாடான பிரிட்டனின் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலே 1952ஆம் ஆண்டில் அதிருப்தி கொண்டார்.

வியட்நாம் போரில் 1963 முதல் 1973 வரை சுமார் 3,88,000 டன் பயன்படுத்தப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. இக்காலத்தில் கலவை மாறியிருந்தது. அலுமினிய சோப்புகளின் இடத்தைச் செயற்கைப் பொருள்கள் பிடித்தன. நாப்தனிக் அமிலமும் இல்லை, தேங்காயும் இல்லை. பெயர் மட்டும் தொடர்ந்தது.

1965 முதல் 1969 வரை அமெரிக்க ராணுவத்துக்கு நேபாம் தயாரித்து வழங்கியது டவ் கெமிக்கல் நிறுவனம். அதற்கு எதிராக அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் போராட்டங்கள் வெடித்தன. 1984ஆம் ஆண்டு போபால் விஷவாயு விபத்துக்குக் காரணமான யூனியன் கார்பைடை 2001ஆம் ஆண்டில் வாங்கியதன் மூலம் இந்தியாவில் பேசப்பட்ட நிறுவனமும் இதுவே. போபால் தொடர்பான பொறுப்பை டவ் ஏற்க மறுத்து வருகிறது.

1972 ஜூன் 8 அன்று தெற்கு வியட்நாமின் டிராங் பாங் கிராமத்தில், தெற்கு வியட்நாம் விமானப்படையே தவறுதலாக வீசிய நேபாமில் 9 வயதுச் சிறுமி கிம் ஃபுக் எரிந்தாள். எரிந்த ஆடையைக் களைந்துவிட்டுச் சாலையில் அலறி ஓடிவந்த அவளுடைய புகைப்படத்தை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆய்வக அறிக்கைகளில் 'இலக்கு' என்றும் 'பரப்பு' என்றும் குறிக்கப்பட்டு வந்ததற்கு உலகம் அன்று ஒரு முகத்தைக் கண்டது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் உயிர்பிழைத்த அவர், பின்னாளில் யுனெஸ்கோவின் நல்லெண்ணத் தூதரானார்.

கண்டுபிடித்தவரின் பொறுப்பு எதுவரை?

வியட்நாம் போரின்போது செய்தியாளர்கள் ஃபீசரிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்வி இது. கட்டடங்களையும் தளவாடங்களையும் எரிப்பதற்காகவே அதை உருவாக்கியதாகவும், மனிதர்கள்மீது பயன்படுத்தப்படும் என எண்ணியதில்லை என்றும் அவர் பதிலளித்தார். கண்டுபிடித்தவர் என்பதாலேயே அதன் அறம் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்பதும், தமக்குக் குற்ற உணர்வு இல்லை என்பதும் அவருடைய நிலைப்பாடு.

இந்தப் பதிலை ஒரு தனிமனிதரின் குறையாக மட்டும் பார்க்க இயலாது. ஆய்வு முழுவதும் சிறு சிறு தொழில்நுட்பக் கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ரப்பருக்கு மாற்று எது, கூழ் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எவ்வளவு நேரம் எரியும், ஜப்பானியப் பாய் எப்போது தீப்பிடிக்கும் என ஒவ்வொரு கேள்விக்கும் விடைகாண ஒருவர் இருந்தார். அந்தப் பாயில் படுத்திருப்பவர் யார் என்று கேட்பது மட்டும் எவருடைய பணியாகவும் இருக்கவில்லை. மாதிரி வீடுகளில் பாய் இருந்தது, மேசை இருந்தது, ஆட்கள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த வல்லுநர் குழு, நேபாம் மற்றும் பிற தீ ஆயுதங்களின் விளைவுகள் குறித்து விரிவான அறிக்கை அளித்தது. தொடர்ந்து நடந்த பேச்சுவார்த்தைகளின் பயனாக, 1980 அக்டோபர் 10 அன்று சில வகை மரபு ஆயுதங்கள் குறித்த உடன்படிக்கையும், அதன் ஒரு பகுதியாகத் தீ ஆயுதங்கள் குறித்த மூன்றாம் நெறிமுறையும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1983 டிசம்பர் 2 முதல் இவை நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1984ஆம் ஆண்டில் உடன்படிக்கையை உறுதிசெய்தது. இலங்கை 2004ஆம் ஆண்டில் இணைந்தது. அமெரிக்கா 2009ஆம் ஆண்டில்தான் மூன்றாம் நெறிமுறையை, அதுவும் ஒரு நிபந்தனையுடன், ஏற்றது.

நேபாமை இந்த நெறிமுறை முற்றிலும் தடைசெய்துவிட்டது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. தீ ஆயுதங்களை வைத்திருப்பதையோ தயாரிப்பதையோ நெறிமுறை தடுக்கவில்லை. பொதுமக்களைத் தீ ஆயுதத்தால் தாக்குவதை அது தடைசெய்கிறது. பொதுமக்கள் செறிந்துள்ள இடத்தில் ராணுவ இலக்கு இருந்தாலும், அதன்மீது விமானத்திலிருந்து தீக்குண்டு வீசக் கூடாது என்கிறது. ஆனால் அதே இலக்கைத் தரையிலிருந்து ஏவப்படும் தீ ஆயுதத்தால் தாக்குவதற்குச் சில நிபந்தனைகளுடன் இடம் தருகிறது. எரியும் உடலுக்குக் குண்டு வானிலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா என்பதில் வேறுபாடு இல்லை.

இரண்டாவது ஓட்டை, வரையறையில் உள்ளது. எரிப்பதற்கென்றே 'முதன்மையாக வடிவமைக்கப்பட்ட' ஆயுதங்களே நெறிமுறையின் வரம்புக்குள் வரும். புகைத்திரை எழுப்பவோ ஒளியூட்டவோ பயன்படும் குண்டுகள் விலக்கப்பட்டுள்ளன. வெள்ளைப் பாஸ்பரஸ் பெரும்பாலும் இந்த வாயில் வழியாகவே தப்புகிறது. எலும்புவரை எரிக்கும் அப்பொருள், புகைக்காக வீசப்பட்டது என்று சொல்லப்படும்போது சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெயர் மாற்றமும் ஒரு வழியாகவே இருந்துவருகிறது. அமெரிக்கா தன் நேபாம் இருப்பில் கடைசிக் கலத்தை 2001ஆம் ஆண்டில் அழித்ததாக அறிவித்தது. 2003ஆம் ஆண்டு இராக் போரில் மார்க்-77 என்ற தீக்குண்டுகள் வீசப்பட்டது பின்னர் தெரியவந்தபோது, கலவை வேறு என்பதால் அது நேபாம் அன்று என விளக்கம் அளிக்கப்பட்டது. பட்டவர்மீது அதன் விளைவு பெரிதும் ஒன்றே.

இலங்கைப் போரும் விடை கிடைக்காத கேள்வியும்

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஓட்டைகள் தொலைதூரச் செய்தியல்ல. இலங்கையில் 2009ஆம் ஆண்டு முடிவடைந்த போரின் இறுதிக் கட்டம் குறித்து, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. கொத்துக்குண்டுகளும் வெள்ளைப் பாஸ்பரஸும் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகள் அதில் பதிவாகியுள்ளன. அவற்றின் நம்பகத்தன்மை குறித்து முடிவுக்கு வர இயலவில்லை என்றும், மேலும் விசாரணை தேவை என்றும் அக்குழு குறிப்பிட்டது. இலங்கை அரசு இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது.

பயன்படுத்தப்பட்ட பொருள் எது என்பதைக் காலம் கடந்தபின் நிறுவுவது கடினம். அது எந்த நோக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்று சட்டம் கேட்பது அக்கடினத்தை இரட்டிப்பாக்குகிறது. எனவேதான், வடிவமைப்பு நோக்கத்தை விடுத்து, உடலில் ஏற்படும் விளைவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக வலியுறுத்துகின்றன. வானுக்கு ஒரு விதி, தரைக்கு ஒரு விதி என்ற பாகுபாட்டை நீக்க வேண்டும் என்பது அவற்றின் மற்றொரு கோரிக்கை. உடன்படிக்கையின் முடிவுகள் அனைத்து நாடுகளின் ஒருமித்த கருத்தின் அடிப்படையில் எடுக்கப்படுவதால், சில நாடுகளின் எதிர்ப்பே திருத்தத்தைத் தடுக்கப் போதுமானதாக உள்ளது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிப் பெண்கள் ஆண்டுதோறும் திரளாகச் செல்லும் ஆற்றுக்கால் பகவதி கோயில், மதுரையை எரித்தபின் வடக்கு நோக்கிச் சென்ற கண்ணகியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. சிலப்பதிகாரத்தில், மதுரையை எரிக்கப் புறப்படும் தீக்கு கண்ணகி ஒரு வரம்பு விதிக்கிறாள். முதியோரையும் குழந்தைகளையும் பெண்டிரையும் அறவோரையும் விட்டுவிடச் சொல்கிறாள். எரிப்பவருக்கும் எல்லை உண்டு என்ற எண்ணம் தமிழ் மரபில் அத்தனை பழமையானது.

ஆய்வகத்தில் பிறந்த தீக்கு அத்தகைய வரம்பை அது பிறந்தபோது எவரும் விதிக்கவில்லை. 38 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட சட்டம் பாதி வரம்பை விதித்தது. மீதிப் பாதியை எழுதுவதா என்பது, இந்தியாவும் இலங்கையும் அமெரிக்காவும் உறுப்பினர்களாக உள்ள அந்த உடன்படிக்கையின் முன் இன்றும் முடிவு காணப்படாத கேள்வியாக நீடிக்கிறது.